போனமுறை வந்த தேதி

அலுவலகங்களுக்கு நடந்து பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளில் கடினமானது சட்டத்தைப் பற்றியதன்று. "போன தடவை என்னைக்கு வந்தீங்க பாய்?" என்பதுதான். 2022-ம் ஆண்டு ஜனவரித் திங்களில், வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றின் மேசை முன் நின்றிருந்த நம்மிடம் ஓர் இளம் எழுத்தர் இவ்வாறு கேட்டார். குரலில் கடுமை இல்லை. நம் மனுவைத் தேடியெடுக்க அவருக்கு ஒரு தேதி வேண்டியிருந்தது, அவ்வளவே. நம்மிடம் தேதி இல்லை. தீபாவளிக்கு முன்பா, பின்பா என்பதுகூட உறுதியாக நினைவில் இல்லை. "தேதி தெரியாம எதுல தேடுறது?" என்றார். நியாயமான பேச்சு. அன்று வீடு திரும்பும் வழியில், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக் கடையொன்றில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது இப்படித்தான். இலக்கிய ஆசையால் அன்று.

விஷயம் சிறியது. ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், நம் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் பதினேழு சென்ட் நன்செய் உண்டு. பாட்டனார் வாங்கியது. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ல் கிழக்கே திருப்பினார்கள். வைகை வழியாகவும் அதிலிருந்து பிரியும் கால்வாய் வழியாகவும் அந்த நீர் இந்தச் சமவெளிக்கு வருகிறது. அதை நம்பி வாங்கிய நிலம். அத்தா 2016-ல் வஃபாத் ஆனார்கள். நாம் நகரத்தில் இருந்துவிட, நிலத்தைப் பார்ப்பவர் தம்பி. பட்டா நம் பெயர்களுக்கு மாறாத வரையில் அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். உழவர்களுக்கென்று மத்திய அரசு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் தருகிறதே, அதுவும் இல்லை. ஆகவே தம்பி வட்டிக்கு வாங்கி உழுது, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவந்தார். அதுபற்றி வாய் திறக்கமாட்டார். பேசாமலிருப்பது நம் குடும்பத்துப் பழக்கம் என்பதைப் பின்னால்தான் அறிந்துகொண்டோம்.

பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று முதலியன வேண்டும். முதலிரண்டும் ஒருவாறு கிடைத்தன. மூன்றாவதைத் தேடும்பொழுதுதான் வில்லங்கம், சான்றில் அல்லாமல் பட்டாவிலேயே இருப்பது தெரியவந்தது. பாட்டனாரின் பெயர் 'மீரா' என்று தொடங்கும். பட்டாவிலோ 'வீரா' என்று இருந்தது. ஒரே ஓர் எழுத்து!

அந்த எழுத்து எப்பொழுது மாறியது என்பதையும் கேட்டறிந்தோம். தமிழகமெங்கும் நிலப் பதிவுகளைப் புதுப்பிப்பதற்காக 1979-ல் தொடங்கி 1987 வரை ஒரு பெரும் வேலை நடந்தது. யு.டி.ஆர். என்று அதைச் சொன்னால் இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். இந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1980 நவம்பரில், பரம்பரையாகக் கணக்கு எழுதிவந்த கர்ணங்களின் பதவிகளையும் மணியக்காரர்களின் பதவிகளையும் அரசு ஒழித்தது; அவ்விடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய முறையில் குறைகள் பல உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த வயல் யாருடையது என்பதை முகம் பார்த்தே சொல்லக்கூடியவர் போய், ஏட்டைப் பார்த்து ஏட்டில் எழுதுகிறவர் வந்த நேரத்தில், மீரா வீரா ஆவதற்கு என்ன தடை? விளைவு யாதெனில், "வீரா என்பவரின் வாரிசுகள் வந்து கையொப்பமிட வேண்டும்" என்று நம்மிடம் சொன்னார்கள். உலகத்தில் இல்லாத ஒரு மனிதருடைய வாரிசுகளை நாம் தேடிக் கொண்டுவர வேண்டும்!

பெயர்த் தொல்லை நம்மவர்களுக்குப் புதிதன்று. 'முகம்மது' என்பது பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் தந்தை பெயர் நம் பெயராகிவிடும். விரிக்காவிட்டால் கணினி ஏற்பதில்லை. இதனை விரித்தால் ஏடு போதாது, விட்டுவிடுகிறோம்.

அந்த அலுவலகத்து மரப்பலகையில் உட்கார்ந்திருந்த நாட்களில் வேறொரு பொழுதுபோக்கும் நமக்கு வாய்த்தது. சுற்றிலும் காதில் விழும் சொற்களை எண்ணுவது. வாரிசு, நகல், அசல், வசூல், தாக்கல், ரத்து, ஆஜர், ஜப்தி, மகஜர், வக்கீல், அமீனா, தாலுகா, ஜில்லா: அத்தனையும் அரபி மூலம். ரசீதும் தஸ்தாவேஜும் பாரசீகம். தாசில்தாரோ பாதி அரபி, பாதி பாரசீகம். முகலாயரின் கச்சேரிகளிலும் நவாபுகளின் கச்சேரிகளிலும் புழங்கிய சொற்களைக் கும்பினியார் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனபின்னும் சொற்கள் போகவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மேலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப உங்க பாஷைதானே பாய், நீங்க சொன்னா கேக்கணுமே!" என்றார். சிரித்தோம். சொற்கள் நமக்கு உறவு என்பதால் மனு வேகமாக நகர்ந்துவிடவில்லை.

நாட்குறிப்புக்கு வருவோம். முதல் சில வாரங்கள் அது வெறும் தேதிப் பட்டியலாகவே இருந்தது. 'பிப்ரவரி 8. செவ்வாய். ஐயா தேர்தல் பணி.' 'மார்ச் 3. சர்வர் இல்லை.' முற்காலத்தில் ஐயா முகாமில் இருந்தார்; இக்காலத்தில் சர்வர் இல்லை. சர்வர் என்பது எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை; அதைக் கண்டவர் எவரும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. 'ஜூன் 2. ஜமாபந்தி. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.' ஒவ்வொன்றின் அடியிலும் ஒப்புகை எண்ணை எழுதி, ரசீது தந்திருந்தால் பசை தடவி ஒட்டினோம். எழுத்தில் கோபம் மிகுதி. ஓர் எழுத்தரைப் பற்றி நாம் அன்று எழுதிய ஐந்து வரிகளை இன்று படிக்க வெட்கமாயிருக்கிறது. பின்னர் பேனாவால் அடித்தோம். அவர் ஒருவரே மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கோபத்தை நாள்தோறும் எழுத முடியாது. கை சலித்துவிடும். நான்காம் மாதத்திலிருந்து நம்மை அறியாமலே குறிப்பில் பிறர் வரலாயினர். வாசலிலே புங்கமரத்தின் அடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுபவர், வந்தவரின் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் அதில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டு எட்டு வரியில் எழுதுவார். எழுத விரும்புவோர் அவரிடம் பாடம் கேட்கலாம். விதவை உதவித்தொகைக்காக வரும் ஓர் அம்மாளையும் அடிக்கடி கண்டோம். மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பலகையின் கோடியில் அமர்ந்திருப்பார். நாம் சென்ற நாட்களில் பாதிக்கு மேல் அவரும் வந்திருந்தார் என்று நம் குறிப்பு சொல்லுகிறது. ஒருமுறை அவர் கணவரின் இறப்புச் சான்றில் தேதி தவறாக இருந்தது. இன்னொரு முறை சான்று சரி. கைபேசி எண் ஆதாருடன் இணையவில்லை. "என்ன தம்பி எழுதுற?" என்று ஒரு நாள் கேட்டார். வந்த தேதியை எழுதுவதாகச் சொன்னோம். "நான் வந்ததையும் சேத்து எழுது" என்றார். எழுதினோம்.

இவ்வாறு அன்றாடம் எழுதுவது தமிழர்க்குப் பழக்கமில்லாத வேலை என்று சிலர் சொல்வதுண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை அவர்கள் மறந்துவிட்டார்கள். சென்னைப் பெரம்பூரில் 1709-ல் பிறந்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்த அவர், 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை எழுதினார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் இன்று என்ன முகத்தோடு இருந்தார், யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள்: எல்லாம் பேச்சு வழக்கிலேயே இருக்கின்றன. அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846-ல், கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அவற்றை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது.

நம்மைக் கவர்ந்தது அவருடைய அரசியல் அன்று. அவர் வணிகர்; கணக்கு எழுதிய கை. வரவையும் செலவையும் விடாமல் எழுதும் கைதான், ஆளுநர் வாசலில் காத்திருந்ததையும் விடாமல் எழுதியிருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு எதையும் எழுதாமல் விட மனம் வராது. இதைப் படித்த இரவில்தான் அத்தாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது.

அத்தா கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடையொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர்கள். கடைக் கணக்கு போக, வீட்டுக்கென்று நீள வாக்கில் மடித்த சிவப்பு அட்டைப் பேரேடு ஒன்று வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒன்று. ரசீது இல்லாமல் ஒரு காசு கொடுக்கமாட்டார்கள். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லும் வசனந்தான் என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார்கள். அந்தப் பேரேடுகளில் பால் கணக்கும் மளிகைக் கணக்குமே இருக்கும் என்று எண்ணி, அவர்கள் மறைந்தபின் நாம் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. இப்பொழுது தாய்ப் பத்திரத்தின் எண் எங்கேனும் இருக்காதா என்ற ஆசையில் திறந்தோம்.

1986-ம் ஆண்டுப் பேரேட்டில் அது இருந்தது. பால் கணக்குக்கும் துணிக் கணக்குக்கும் நடுவே, அதே அழகிய கையெழுத்தில்:

'பசலி 1396, ஆவணி 12. கடையில் அரைநாள் விடுப்பு. பட்டாவில் பெயர் தவறு. மனுக் கொடுத்தேன். பஸ் செலவு ரூ. 2-40.'

பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டு. அக்பர் காலத்து ஏற்பாடு. இங்கே ஜூலை முதல் தேதியில் பிறக்கும். வீட்டுக் கணக்கில் அத்தா ஒருபோதும் பசலி எழுதியதில்லை. அலுவலகத்துக்கு நடந்த நாட்களில் மட்டும், அவர்களுடைய ஆண்டை அவர்களுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். நாம் தாளைப் புரட்டினோம். ஆவணியில் இரண்டு, புரட்டாசியில் மூன்று. 'ஆபீசர் கேம்ப்.' 'கிளார்க் மாற்றலாகிப் போனார்.' 'மழை. ஆபீஸ் திறக்கவில்லை.' மொத்தம் பதினொரு முறை. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நாம் நடந்த அதே நடையை, அதே ஓர் எழுத்துக்காக, அத்தா நடந்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டோம், அவர்களுக்கும் தெரியாது.

ஐப்பசியில் எழுதிய குறிப்பு இது: 'தாய்ப் பத்திரம் 1961. புத்தகம் 1. அசலைக் கேட்டார்கள், கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தருவார்கள்.' அதன் கீழே பத்திர எண், நான்கு இலக்கம். அடுத்த மாதம்: 'அசல் கேட்டேன். தேடுகிறார்கள்.' அதற்கடுத்த மாதம்: 'அசல் கிடைக்கவில்லை. ரசீது இருக்கிறதா என்றார்கள். இல்லை.'

அந்த 'இல்லை'யின் கீழ் ஒரு கோடு. பேனா அழுத்தமாகப் பதிந்து மறுபக்கத்தில் தெரிகிறது. வாழ்நாளெல்லாம் ரசீது கேட்ட மனிதர் அந்த ஒரு நாள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணியிருக்கலாம். கேட்டால் வேலை கெட்டுவிடும் என்று அஞ்சியிருக்கலாம். 1987 மாசி மாதத்தில் கடைசிக் குறிப்பு: 'இனிப் போவதில்லை. லீவு இல்லை. பெரியவனுக்குப் பரீட்சை. வீட்டில் சொல்லவில்லை.' பெரியவன் என்பது நாம்தான். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதினோம். அத்தா இரவில் நெடுநேரம் விழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, நம் பரீட்சையை எண்ணிக் கவலைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

நிற்க. பத்திர எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் பதிவுத்துறையில் வேலை எளிது. 1975-க்கு முற்பட்ட வில்லங்கத்தை அப்பொழுது கணினியில் தட்டி எடுக்க முடியவில்லை; பழைய புத்தகங்களைக் கையால் புரட்ட வேண்டியிருந்தது. ஆண்டு தெரியாமல் தேடச் சொன்னால் ஆண்டுக்கு ஆண்டு தேடுகூலி ஏறும். அசல் தொலைந்தாலும், பதிவான பத்திரத்தின் நகல் அரசாங்கத்தின் புத்தகத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுத்தோம்; ஒன்பதாம் நாள் கிடைத்தது. பாட்டனாரின் பெயர் மீ என்னும் எழுத்தில் தெளிவாக இருந்தது. அத்தாவுக்கும் இந்த வழி திறந்தே இருந்தது, எவரும் சொல்லவில்லை, அவர்கள் எவரிடமும் கேட்கவில்லை. தகவல் உரிமைச் சட்டம் வந்ததோ 2005-ல். அதன்படி பத்து ரூபாய் வில்லை ஒட்டி, அத்தாவின் 1986-ம் ஆண்டு மனு என்னவாயிற்று என்று நாமும் கேட்டுப் பார்த்தோம். கோப்பு இல்லை என்று முப்பது நாட்களுக்குள்ளாகவே பதில் வந்துவிட்டது. விரைவைப் பாராட்டத்தான் வேண்டும்.

விசாரணை 2023 செப்டம்பரில் நடந்தது. சான்றிட்ட நகலை வைத்தோம். அத்தாவின் பேரேட்டையும் நம் நோட்டுப் புத்தகத்தையும் ஏனோ எடுத்துச் சென்றிருந்தோம். அதிகாரி அவற்றைக் கண்டு, "டைரியெல்லாம் ஆவணமா எடுத்துக்க முடியாது சார்" என்றார். அதற்காகக் கொண்டுவரவில்லை என்றோம். பிறகு எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை. அவர் கேட்கவில்லை. கையை நீட்டிப் பேரேட்டை வாங்கிக்கொண்டார். ஐப்பசிப் பக்கத்திலும் கார்த்திகைப் பக்கத்திலும் சற்று நின்றார். மின்விசிறியில் தாள் படபடத்தபோது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தார். "அப்பா கையெழுத்தா?" என்றார். ஆம் என்றோம். மூடித் திருப்பிக் கொடுத்தார். வேறெதுவும் பேசவில்லை. சான்றிட்ட நகலைப் பெற்றுக்கொண்டு, அதற்கு எழுத்தரிடம் ஓர் ஒப்புகை எழுதித் தரச் சொன்னார். நாம் கேட்காமலே சொன்னார். அந்த ஒப்புகை நம் நோட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது.

உத்தரவு 2024 பிப்ரவரியில் வந்தது. அவ்வாண்டுக் கோடையில் புதிய பட்டாவும் வந்தது. தம்பி முதன்முதலாகச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினார். அன்று மாலை கைபேசியில் அழைத்து, "வாங்கிட்டேண்ணே" என்று மட்டும் சொன்னார். அத்தாவின் பேரேட்டைப் பற்றி அவரிடம் அப்பொழுதுதான் சொன்னோம். நெடுநேரம் மறுமுனையில் வாய்க்கால் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

புதிய பட்டாவில் பாட்டனார் பெயர் சரி. அத்தா பெயர் சரி. தம்பியின் தலைப்பெழுத்து தவறு. உறவினர் சிலர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டதால் புதியது ஒன்று வாங்கிக்கொண்டு, மீண்டும் அந்த அலுவலகத்துக்குச் சென்றோம். மனு எழுதுபவர் புங்கமரத்தின் அடியிலேயே இருந்தார். எழுத்தர் மாறியிருந்தார். பலகையின் கோடியில் மஞ்சள் பையோடு அந்த அம்மாள்! இன்னுமா கிடைக்கவில்லை என்று பதறிக் கேட்டோம்.

"அது வந்து ஆறு மாசம் ஆச்சு தம்பி. இது எங்க தெருப் பொண்ணு, அவளுக்கு எதுவும் தெரியாது" என்று பக்கத்தில் இருந்த இளம்பெண்ணைக் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, முதலில் எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும், எந்தத் தாளை மேலே வைக்க வேண்டும் என்று விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரசீது குடுப்பாங்க. குடுக்கலேன்னா கேளு. என்னைக்கு வந்தேன்னு கேப்பாங்க, அதையும் எழுதி வச்சுக்கோ" என்றார். அந்தப் பெண்ணிடம் பேனா இல்லை. நம்முடையதைக் கொடுத்தோம்.